‘தொடரும்’ போட்டுவிட்டுத் தொடராமல் போன கார்ட்டூனுக்கு மறுஉயிர் கொடுப்பது எப்படி?

வார இதழில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு ‘தொடரும்’ என்ற சொல்லின் மேல் ஒரு நம்பிக்கை உண்டு. அடுத்த வாரம் இதழ் வரும், கதாநாயகி கதவைத் திறந்தாளா இல்லையா என்று தெரிந்துவிடும். அமெரிக்க அனிமேஷன் தொடர்களில் அந்த உத்தரவாதம் கிடையாது. கதவு பாதி திறந்திருக்கும்போதே கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

ஃபைனல் ஸ்பேஸ் அப்படிச் சாத்தப்பட்ட கடை. ஓலன் ராஜர்ஸ் யூடியூபில் போட்ட ஒரு குறும்படத்திலிருந்து பிறந்து, டிவி நகைச்சுவை நிகழ்ச்சித் தொகுப்பாளர் கோனன் ஓ’பிரையனின் தயாரிப்பு நிறுவனத்தின் துணையோடு 2018-ல் டிபிஎஸ் சேனலுக்கு வந்தது. கேரி குட்ஸ்பீட் என்ற வாயாடி விண்வெளிக் கைதி, மூன்கேக் என்ற பச்சை நிற உருண்டை, அவர்களைச் சுற்றி ஒரு கூட்டம். சிரிக்க வைத்துக்கொண்டே திடீரென்று அடிவயிற்றில் குத்தும். மூன்று சீசன், 36 எபிசோட். மூன்றாவது சீசன் 2021-ல் முடிந்தபோது இன்விக்டஸ் என்ற பெரும் வில்லனோடு நடக்க வேண்டிய சண்டை பாக்கி. அந்த வருட செப்டம்பரில், தொடர் ரத்தாகிவிட்டது என்று ராஜர்ஸே ஒரு வீடியோவில் சொன்னார்.

அப்போதிருந்து இந்த மாதிரித் தொடர்கள் எப்படித் திரும்பி வருகின்றன, எவை வருவதில்லை என்று நோண்டிக்கொண்டே இருக்கிறேன். அதன் பலன் இந்த வழிகாட்டி. பெரும்பகுதி ரசிகர்களுக்கு. சொந்தமாகத் தொடர் எழுதுகிறவர்களுக்குக் கடைசிப் பகுதிகள்.

படி 1: எப்படிச் செத்தது என்று முதலில் பாருங்கள்

‘ரத்து’ என்று ஒரே சொல்லால் சொல்கிறோம். உள்ளே பல நோய்கள்.

ஆயிரம் வருடம் கழித்துக் கண் விழிக்கும் ஒருவனைச் சுற்றிய அறிவியல் புனைவு நகைச்சுவைத் தொடரான ஃப்யூச்சுராமாவை ஃபாக்ஸ் சேனல் 1999 மார்ச்சில் தொடங்கியது. அப்புறம் ஞாயிறு மாலை 7 மணிக்குத் தள்ளிவிட்டது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் கொஞ்சம் நீண்டால் அன்றைக்கு ஃப்யூச்சுராமா காலி. 72 எபிசோட் முடிந்த பிறகு யாரும் ‘நிறுத்துகிறோம்’ என்று அறிவிக்கக்கூட இல்லை. புது எபிசோடுக்கு ஆர்டர் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். 2003 ஆகஸ்டில் கடைசி எபிசோட் ஓடியது. இது பட்டினிச் சாவு. சோறு போட வேறொருவர் வந்தால் பிழைத்துக்கொள்ளும் வகை.

நெட்ஃபிளிக்ஸின் இன்சைட் ஜாப் வேறு மாதிரி. உலகத்துச் சதிக் கோட்பாடுகள் எல்லாம் உண்மையாக இருந்தால் அதை நடத்துகிற ஆபீஸ் எப்படி இருக்கும் என்ற நக்கல் தொடர். 2022 ஜூனில் அடுத்த சீசன் உண்டு என்றார்கள். நவம்பரில் வந்த இரண்டாம் பாகத்தைத் தொங்கலில் முடித்தார்கள். 2023 ஜனவரியில் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்த சீசன் கையில் இருக்கிறது என்று நம்பித்தானே அந்த முடிவு வந்தது?

ஃபைனல் ஸ்பேஸுக்கு வந்தது மூன்றாவது வகை, மிக மோசமானது. டிபிஎஸ் சேனலின் முதலாளியான வார்னர்மீடியாவும் டிஸ்கவரியும் 2022 ஏப்ரலில் ஒன்றாயின. அதன் பிறகு சில படைப்புகளை நிறுவனம் தன் கணக்கில் நஷ்டமாக எழுதித் தள்ளியது. ஒரு தொடரின் மதிப்பு கணக்குப் புத்தகத்தில் சொத்தாக உட்கார்ந்திருக்கும். அதைப் பூஜ்யமாக்கினால் லாபம் குறையும், வரியும் குறையும். ஆனால் பூஜ்யம் என்று எழுதிவிட்டு மறுநாள் அதையே விற்றுக் காசு பார்க்க முடியாது. அதனால் தொடரையே கண்ணில் படாமல் எடுத்துவிடுகிறார்கள். தன் ஐந்து வருட உழைப்பு ஒரு வரிக் கழிவாகிவிட்டது என்று ராஜர்ஸ் வெளிப்படையாக எழுதினார். பட்டினியில் செத்ததற்கும், செத்துப் புதைத்து மேலே சிமென்ட் பூசியதற்கும் உள்ள வித்தியாசம் இது.

உங்கள் தொடர் எந்த வகை என்று தெரியாமல் எந்த வேலையும் தொடங்காதீர்கள்.

படி 2: பட்டா யார் பெயரில்?

ரசிகர்கள் பெரும்பாலும் படைப்பாளியைப் போய்க் கேட்கிறார்கள். ‘எப்போது நான்காவது சீசன்?’ பாவம், அவர் கையில் ஒன்றும் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி, சம்பளத்துக்குச் செய்து கொடுக்கும் வேலை என்ற ஒப்பந்தத்தில் எழுதப்படும் தொடருக்கு நிறுவனம்தான் சட்டத்தின் கண்ணில் ஆசிரியர். வெளியான நாளிலிருந்து 95 வருடம் வரை உரிமை அவர்களுடையது. வேறு வகை உரிமைகளைப் படைப்பாளி 35 வருடம் கழித்துத் திரும்பப் பெற ஒரு வழி உண்டு. இந்த வகைக்கு அதுவும் கிடையாது. வீடு கட்டிய கொத்தனாரிடம் போய் வாடகைக்குக் கேட்கிற மாதிரிதான் நம் கேள்வி.

கண்டுபிடிக்க எளிய வழி: கடைசி எபிசோடின் இறுதியில் ஓடும் பெயர்களை நிறுத்திப் படியுங்கள். பதிப்புரிமைக் குறிக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்தான் முக்கியம். சேனலின் சின்னமோ தயாரிப்பாளரின் சின்னமோ அல்ல.

இங்கே ஒரு நுட்பம். ஒளிபரப்பும் சேனலும், உரிமை வைத்திருக்கும் ஸ்டுடியோவும் வேறு வேறாக இருந்தால் உயிர்ப்பிக்க வாய்ப்பு அதிகம். ஃப்யூச்சுராமாவைக் கைவிட்டது ஃபாக்ஸ் சேனல். தயாரித்தது ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் டெலிவிஷன். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் கல்லாப்பெட்டி வேறு. சேனலுக்கு வேண்டாம் என்றானதும் ஸ்டுடியோ தன் சரக்கை காமெடி சென்ட்ரல் சேனலுக்கு விற்றது. 2019-ல் டிஸ்னி அந்த ஸ்டுடியோவையே வாங்கியபோது சரக்கும் கூடவே போனது. டிஸ்னியின் பிடியில் இருந்த ஹுலு என்ற ஓடிடிக்கு 2022-ல் ஒரு பேர் சொல்லும் தொடர் தேவைப்பட்டது. மூன்றாவது பிறவி அப்படித்தான் வந்தது.

இதற்கு நேர்மாறு, ஓடிடி நிறுவனம் தானே தயாரித்துத் தானே ஓட்டும் தொடர். இன்சைட் ஜாப் நெட்ஃபிளிக்ஸின் சொந்த அனிமேஷன் பிரிவில் செய்தது. வேண்டாம் என்றவரும் அவரே, விற்க வேண்டியவரும் அவரே. போட்டியாளரிடம் கொடுத்து அங்கே அது ஓடிவிட்டால் யார் அசிங்கப்படுவது? ஆகவே கிடப்பில்.

படி 3: சீசனைக் கேட்கிறீர்களா, முடிவைக் கேட்கிறீர்களா?

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ரசிகர் கூட்டங்கள் வழுக்கி விழுகின்றன. ‘நான்காவது சீசன் வேண்டும்’ என்று கேட்கிறார்கள். உள்ளே அரிப்பது என்னவோ ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்ற கேள்வி. இரண்டுக்கும் விலை வேறு.

எவ்வளவு வேறு என்பதற்கு ஒரு கணக்கு. மேசை விளையாட்டில் கதை சொல்லி அதை இணையத்தில் ஓட்டும் கிரிட்டிகல் ரோல் குழு, பொதுமக்களிடம் முன்பணம் வாங்கும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் 2019 மார்ச்சில் பணம் திரட்டியபோது, 22 நிமிட அனிமேஷன் ஒன்றுக்கு அவர்கள் கேட்ட தொகை 7,50,000 டாலர். பெரிய ஸ்டுடியோவின் செலவு அல்ல, சிக்கனமாகச் செய்ய நினைத்தவர்கள் கேட்டது. கடைசியில் 1 கோடியே 13 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது, 10 எபிசோட் செய்ய முடிந்தது. உலகம் முழுக்க வெறித்தனமான ரசிகர்கள் இருந்ததால் சாத்தியமான கூத்து அது. அதுவும் அவர்கள் சொந்தக் கதை, யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை.

ஆகவே கீழிருந்து மேலாகப் பாருங்கள். கிராஃபிக் நாவல் (படக்கதைப் புத்தகம்), ஒரு நீளமான சிறப்பு எபிசோட், ஒரு படம், கடைசியாகத்தான் முழு சீசன். இன்வேடர் ஜிம் இந்தப் படிக்கட்டில் அப்படியே ஏறியது. 2001-ல் நிக்கலோடியன் சேனலில் வந்து சீக்கிரமே நின்றுபோன தொடர். 2015-ல் காமிக்ஸாகத் திரும்பியது. 2017-ல் படம் அறிவித்தார்கள், 2019 ஆகஸ்டில் அது நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஃப்யூச்சுராமாவும் நேராக சீசனுக்குத் தாவவில்லை. 2007 நவம்பரிலிருந்து 2009 பிப்ரவரிக்குள் நான்கு படங்கள் டிவிடியில் வந்தன. அதே படங்களைத் துண்டு போட்டு 16 எபிசோடாக டிவியில் ஓட்டினார்கள். ஒரே செலவில் இரண்டு வியாபாரம். முதலாளிகளுக்கு இந்த மாதிரிக் கணக்குப் பிடிக்கும்.

‘நாமே காசு போட்டு எடுத்துவிடலாமே’ என்று யாராவது சொல்வார்கள். உரிமையாளர் ஒப்புக்கொண்டால் சரி. வெரோனிகா மார்ஸ் (அனிமேஷன் அல்ல, துப்பறியும் தொடர்) 2013-ல் கிக்ஸ்டார்ட்டரில் சுமார் 57 லட்சம் டாலர் திரட்டி மறுவருடம் படமாக வந்தது. வார்னர் பிரதர்ஸ் முன்கூட்டியே தலையசைத்த பிறகு நடந்தது அது. தலையசைக்காத கதை ஆக்ஸனார். ஸ்டார் ட்ரெக் உலகத்தில் ரசிகர்கள் காசு திரட்டி எடுக்கத் தொடங்கிய படம். 2015 டிசம்பரில் ஸ்டார் ட்ரெக் உரிமை வைத்திருந்த பாரமவுண்டும் சிபிஎஸ்ஸும் வழக்குப் போட்டன. 2017 ஜனவரியில் சமரசம். தலா 15 நிமிடத்துக்கு மிகாமல் இரண்டு துண்டு மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அளவில் கனவு சுருங்கியது.

படி 4: எண்ணில் தெரியுங்கள்

கையெழுத்து மனு எனக்குப் பெரிய நம்பிக்கை தருவதில்லை. கையெழுத்துப் போடக் காசு செலவாகாது என்று எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். அவர் பார்ப்பது வேறு எண்கள்.

ஃபாக்ஸ் கைவிட்ட காலத்தில் அடல்ட் ஸ்விம் சேனலில் ஃப்யூச்சுராமாவின் பழைய எபிசோடுகள் இரவு நேரத்தில் திரும்பத் திரும்ப ஓடின. ஜனம் பார்த்தது. டிவிடி பெட்டிகளும் விற்றன. ‘செத்த தொடருக்கு இவ்வளவு கிராக்கியா?’ என்று ஸ்டுடியோ யோசித்தது அங்கேதான்.

இதைவிடத் தெளிவான உதாரணம் யங் ஜஸ்டிஸ். நகைச்சுவை இல்லை, சூப்பர் ஹீரோ தொடர்தான், ஆனால் பாடம் பொருந்தும். 2013-ல் இரண்டு வில்லன்கள் கைகுலுக்கும் காட்சியோடு நிறுத்திவிட்டார்கள். 2016 தொடக்கத்தில் அதன் படைப்பாளிகளில் ஒருவரான கிரெக் வைஸ்மன் ரசிகர்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார்: நெட்ஃபிளிக்ஸில் மறுபடி மறுபடி பாருங்கள். பார்த்தார்கள். அந்த நவம்பரில் மூன்றாவது சீசன் அறிவிப்பு வந்தது, 2019 ஜனவரியில் தொடரே வந்தது. கைகுலுக்கலுக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே ஆறு வருடம் போய்விட்டது, அது வேறு விஷயம்.

நீங்கள் செய்யக்கூடியது: முதல் எபிசோடில் தொடங்கி கடைசி எபிசோட் வரை, பெயர்கள் ஓடுவது உட்பட, முழுக்கப் பாருங்கள். பாதியில் விட்டவர்களின் எண்ணிக்கை நிறுவனத்துக்குத் தெரியும். வீட்டில் எல்லாரும் ஒரே புரொஃபைலில் கூட்டமாகப் பார்த்தால் ஒரே பார்வையாகத்தான் பதியும், தனித்தனியாகப் பாருங்கள். புதிதாக ஒருவரை உட்கார வைத்து முழுக்கப் பார்க்க வைத்தால் அது நூறு ட்வீட்டுக்குச் சமம் என்பது என் எண்ணம். டிஸ்க் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அலமாரியில் இருக்கும் டிஸ்கை எந்தக் கம்பெனியும் இரவோடு இரவாக வந்து எடுத்துப் போக முடியாது.

ஃபைனல் ஸ்பேஸ் மாதிரி ஓடிடியிலிருந்து எடுக்கப்பட்ட தொடருக்கு இந்தப் படி செல்லாது. பார்க்க இடமே இல்லாதபோது எதை எண்ணுவார்கள்? சிமென்ட் பூசியது என்று சொன்னேனே, அதன் கொடுமை இதுதான்.

படி 5: சத்தம் போடுங்கள், ஆனால் சரியான வாசலில்

சத்தம் எப்போது வேலை செய்யும் என்பதற்கு ஜெரிக்கோ (இதுவும் அனிமேஷன் அல்ல, நடிகர்கள் நடித்த தொடர்) நல்ல பாடம். 2007 மேயில் சிபிஎஸ் சேனல் இதை ரத்து செய்தது, அதுவும் தொங்கலில். கடைசி எபிசோடில் சரணடையச் சொன்ன எதிரியிடம் கதாநாயகன் ‘நட்ஸ்’ (கொட்டைகள் என்று பொருள், ‘முடியாது போ’ என்றும் பொருள்) என்று ஒரே சொல்லில் பதில் சொல்வான். இரண்டாம் உலகப் போரில் ஒரு அமெரிக்கத் தளபதி சொன்ன பதில் அது. ரசிகர்கள் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு சிபிஎஸ் அலுவலகத்துக்கு வேர்க்கடலை அனுப்பினார்கள். ஒரு மூட்டை இரண்டு மூட்டை இல்லை, 20 டன்னுக்கு மேல். ஜூனிலேயே சிபிஎஸ் இறங்கி வந்து ஏழு எபிசோடுக்கு ஆர்டர் கொடுத்தது.

எனக்கு இதில் பிடித்தது வேர்க்கடலை அல்ல, நாள் கணக்கு. ரத்தான சில வாரங்களுக்குள் அத்தனையும் நடந்து முடிந்தது. தாமதித்தால் நடிகர்கள் வேறு ஒப்பந்தத்துக்குப் போய்விடுவார்கள், செட்டைப் பிரித்துவிடுவார்கள். ரத்துச் செய்தி வந்த முதல் மாதம்தான் பொன்னான மாதம். அதில் கோபப்பட்டுத் திட்டி வீணடிப்பவர்கள் அதிகம்.

சில ஒழுக்கங்கள். ஸ்டோரிபோர்டு (காட்சிகளின் முன்வரைபடம்) வரைந்தவர்களையும் குரல் கொடுத்தவர்களையும் டேக் செய்து தொந்தரவு செய்யாதீர்கள், அவர்கள் வேலை இழந்தவர்கள். அதே நிறுவனத்தின் வேறொரு தொடருக்குப் போய் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து வராதீர்கள், அதை எழுதியவரும் நம்மைப் போல ஒரு தொடரைப் பெற்றவர்தான். எல்லா ஊரிலும் ஒரே ஹேஷ்டேக், ஒரே நேரம், ஒரே கோரிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: கைமாறும் காலத்தைக் கவனியுங்கள்

முதல் மாதம் தப்பிப் போனால் அடுத்து வருவது நீண்ட காத்திருப்பு. சும்மா காத்திருக்க வேண்டாம், வணிகச் செய்திகளைப் படியுங்கள். கார்ட்டூன் ரசிகனுக்கு இது அலுப்பான வேலைதான். ஆனால் மறுஉயிர்ச் செய்திகள் முதலில் முளைப்பது அங்கேதான்: ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது, புது ஓடிடி தொடங்கும்போது, ஒப்பந்தக் காலம் முடிந்து உரிமை திரும்பும்போது, ‘வேண்டாம்’ என்ற அதிகாரி வேறு கம்பெனிக்குப் போகும்போது.

நஷ்டமாக எழுதியதும் எப்போதும் முற்றுப்புள்ளி இல்லை என்பதற்கு இப்போது ஓர் உதாரணம் இருக்கிறது. கொயோட்டி வெர்சஸ் ஆக்மி என்ற, நடிகர்களும் கார்ட்டூனும் கலந்த படத்தை எடுத்து முடித்த பிறகு, 2023 நவம்பரில் வரிக் கணக்குக்காகக் கிடப்பில் போட வார்னர் முடிவு செய்தது. எதிர்ப்பு கிளம்பியது. படத்தை வேறு யாராவது வாங்கிக்கொள்ளலாம் என்று பேச்சு மாறியது. 2025 மார்ச்சில் கெட்சம் என்டர்டெயின்மென்ட் வாங்கிக்கொண்டது. அது அதுவரை வெளிவராத படம், ஃபைனல் ஸ்பேஸ் ஏற்கெனவே ஓடிய தொடர், இரண்டும் ஒன்றல்ல. இருந்தாலும் சிமென்டிலும் விரிசல் விழும் என்று தெரிந்துகொண்டோம்.

படி 7: ஆர்டர் வந்துவிட்டது. யார் குரல் கொடுப்பது?

இனி படைப்பாளிகளுக்கு.

அனிமேஷனில் முகம் மாறாது, வயதாகாது. ஆகவே நடிகரையும் மாற்றிக்கொள்ளலாம் என்று முதலாளிகளுக்குத் தோன்றும். 2009 ஜூனில் காமெடி சென்ட்ரல் ஃப்யூச்சுராமாவுக்கு 26 எபிசோட் ஆர்டர் கொடுத்தது. சம்பளப் பேச்சு இழுத்தது, மாற்றுக் குரல்களுக்கு ஆள் தேடும் அறிவிப்பே வந்துவிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஜூலை முடிவதற்குள் பழைய குழுவே கையெழுத்திட்டது. 2022 பிப்ரவரியில் ஹுலு 20 எபிசோட் அறிவித்தபோதும் அதே கூத்து. பெண்டர் என்ற ரோபோவுக்குக் குரல் கொடுக்கும் ஜான் டிமாஜியோ ஒப்பந்தத்தில் இல்லை. அடுத்த மாதமே சேர்ந்துகொண்டார். இரண்டு தடவையும் முடிவு ஒன்றே. கார்ட்டூனின் உடம்பு ஓவியம் என்றால் உயிர் குரல்தான், அதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

குரலுக்கு அடுத்து கோப்புகள். பாத்திரங்களின் மாதிரி ஓவியங்கள், வண்ண அட்டவணை, கணினியில் அசைக்கக் கட்டிவைத்த பொம்மைகள், பின்னணிகள், இசைத் தடங்கள் எல்லாம் யாரிடம் இருக்கின்றன, இன்றைய மென்பொருளில் திறக்கின்றனவா என்று முதல் வாரமே பார்த்துவிடுங்கள். திறக்காவிட்டால் எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். மூன்கேக் உருண்டைதானே, வரைந்துவிடலாம் என்று தோன்றும். அந்த உருண்டை எவ்வளவு பச்சை என்று ரசிகனுக்கு மனப்பாடம்.

நேரக்கணக்கு: ஆர்டரிலிருந்து ஒளிபரப்பு வரை ஃப்யூச்சுராமாவுக்கு 2009–10-ல் ஒரு வருடம், 2022–23-ல் சுமார் 17 மாதம். எழுத்து, குரல் பதிவு, ஸ்டோரிபோர்டு, அதையே குரலோடு ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக், அப்புறம் அசைவு, வண்ணம், திருத்தம், ஒலிக்கலவை. இதில் அவசரப்பட முடியாத இடம் அனிமேட்டிக். சிரிப்பு வருகிறதா இல்லையா என்று மலிவாகத் தெரிந்துகொள்ள அதுதான் கடைசி வாய்ப்பு.

படி 8: தொங்கலை அவிழ்ப்பது

அறிவியல் புனைவுக்கு ஒரு சலுகை உண்டு. கால இயந்திரம், நகல் உடம்பு, இணைப் பிரபஞ்சம் என்று தப்பிக்க ஆயிரம் ஓட்டை. நகைச்சுவைக்கு இன்னொரு சலுகை, ஓட்டையைக் காட்டியே சிரிக்கலாம். இரண்டும் சேர்ந்தால் எழுதுகிறவர் சோம்பேறியாகிவிடும் ஆபத்தும் உண்டு.

ஃப்யூச்சுராமா எழுத்தாளர்கள் கற்றுக்கொண்ட தந்திரம், ஒவ்வொரு தடவையும் ‘இதுவே கடைசியாக இருக்கலாம்’ என்று நினைத்து முடிப்பது. 2003, 2009, 2013 மூன்றிலும் கடைசிக் காட்சி முடிவாகவும் நிற்கும், கதவாகவும் திறக்கும். 2009-ல் வந்த படத்தின் இறுதியில் கப்பலோடு எல்லாரும் ஒரு புழுத்துளைக்குள் (விண்வெளியில் தூரத்தைக் குறுக்கும் சுரங்கம்) பாய்கிறார்கள். எங்கே போய் விழுவார்கள் என்று தெரியாது. ஆனால் நாயகன் ஃபிரையும் கப்பல் தலைவி லீலாவும் ஒருவரை ஒருவர் நேசிப்பது தெளிவாகிவிட்டது. மனசு நிறைந்துவிடும், மூளை மட்டும் அரிக்கும். 2010-ல் அதை அவிழ்த்த விதம் நேரடியானது: துளையிலிருந்து வெளியே வருகிறார்கள், மோதுகிறார்கள், ஏறக்குறைய எல்லாரும் சாகிறார்கள், கப்பலின் முதலாளியான பேராசிரியர் திரும்பப் பிறக்க வைக்கிறார். செத்துப் பிழைத்த தொடரின் முதல் எபிசோடில் எல்லாரும் செத்துப் பிழைக்கிறார்கள். தலைப்பே ‘மறுபிறப்பு’ என்ற பொருளில்தான் இருந்தது.

2013-ல் உலகமே காலம் உறைந்து நிற்க, ஃபிரையும் லீலாவும் மட்டும் சேர்ந்து கிழவன் கிழவியாகிறார்கள். மறுபடி முதலிலிருந்து வாழலாமா என்று ஒரு கேள்வியோடு முடிந்தது. இதைவிட நல்ல முடிவு எந்த கார்ட்டூனுக்கும் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை, திறக்காமலே விட்டிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். 2023-ல் அதே நொடியிலிருந்து காலத்தை ஓடவிட்டு, நடுவில் பத்து வருடம் காணாமல் போய்விட்டது என்று ஒரே வரியில் தாண்டிவிட்டு, ஓடிடி தொடர்களை விடாமல் பார்த்துச் சாகக் கிடக்கும் ஃபிரைக்குப் போய்விட்டார்கள். பத்து வருட இடைவெளியை விளக்கப் பத்து நிமிடம் எடுத்திருந்தால் சிரிப்பு செத்திருக்கும். இன்வேடர் ஜிம் படமும் அப்படித்தான். எதிரியான வேற்றுகிரகவாசி ஜிம் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று திரையையே வெறித்துக்கொண்டு நாற்காலியில் ஒட்டிப்போய்க் கிடக்கிறான் டிப் என்ற சிறுவன். இத்தனை வருடம் காத்திருந்த ரசிகனின் கேலிச் சித்திரம்தானே அது!

சொந்த ரத்தைக் கிண்டல் செய்வது ஓர் அளவோடு இருக்கட்டும். ஃப்யூச்சுராமாவின் 2007 படத்தின் தொடக்கத்தில், தங்கள் உரிமத்தைப் பறித்த ‘பாக்ஸ் நெட்வொர்க்’ (ஃபாக்ஸைத்தான் சொல்கிறார்கள்) அதிகாரிகளைப் பொடியாக அரைத்துவிட்டதாக ஒரு நகைச்சுவை வரும். கைதட்டல் நிச்சயம். ஆனால் பழைய கணக்கைத் தீர்ப்பது சில நிமிடத்துக்குத்தான் தாங்கும்.

ஃபைனல் ஸ்பேஸ் வகை வேறு. இந்தத் தொடருக்கு விளிம்பில் நிறுத்துவதே பழக்கம். முதல் சீசனின் எபிசோடுகள், விண்வெளியில் மிதக்கும் கேரிக்கு ஆக்சிஜன் இன்னும் எத்தனை நிமிடம் என்ற கணக்கோடு தொடங்கும். அந்த சீசன் முடிந்ததும் அதே விளிம்பில்தான். அப்படிப்பட்ட கதையில் ஒரே வரியில் தாண்டிப் போனால் ரசிகன் மன்னிக்க மாட்டான். அவன் அழுத அழுகைக்குப் பதில் வேண்டும். முதல் எபிசோடில் விட்ட இடத்திலேயே தொடங்கி, யார் எதை இழந்தார்கள் என்பதைக் காட்டி, ஒரு பெரிய முடிச்சை அதே எபிசோடில் அவிழ்த்துவிட வேண்டும். மிச்சத்தை இழுத்துக்கொள்ளலாம்.

அடுத்த ரத்துக்கும் தயாராக இருங்கள். ஜெரிக்கோ குழு திரும்பி வந்தபோது இரண்டு முடிவுகளைப் படம்பிடித்து வைத்தது, ஒன்று கதையைத் தொடர, இன்னொன்று முடிக்க. 2008-ல் மறுபடி ரத்து வந்தது, முடிக்கிற முடிவு ஓடியது. அனிமேஷனில் இரண்டாவது முடிவுக்கு ஒரு நிமிடக் காட்சி போதும். செலவைப் பார்க்காமல் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: எல்லா வாசலும் அடைத்திருந்தால்

ராஜர்ஸ் செய்தது இதுதான். தொடரைத் திரும்பக் கேட்டுக் கிடைக்காதபோது, கதையை முடிக்கும் உரிமையை மட்டும் கேட்டார். வார்னர் அனுமதி கொடுத்தது, 2023-ல் ‘ஃபைனல் ஸ்பேஸ்: தி ஃபைனல் சாப்டர்’ என்ற கிராஃபிக் நாவலை அறிவித்து ரசிகர்களிடம் முன்பதிவு வாங்கினார். நிறுவனத்துக்குக் கைச்செலவு இல்லை, நஷ்டக் கணக்கிலிருந்த தொடரைத் திரும்ப ஓட்டவும் தேவையில்லை. மறுப்பதற்குக் காரணம் இல்லாத கோரிக்கை அது.

இதே வழியில் போக நினைக்கும் படைப்பாளி ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: எத்தனை பிரதி அச்சிடலாம், முதல் பதிப்போடு உரிமை முடிகிறதா, வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, மின்னூல் உண்டா, புதிதாக உருவாக்கும் பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம். கடைசிக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். புதுப் பாத்திரமும் அவர்களுக்கே என்றுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள்.

ரசிகன் செய்ய வேண்டியது ஒன்றுதான், முன்பதிவுக் காலம் முடிவதற்குள் வாங்குவது. தபால் செலவு வலிக்கும். புத்தகத்தில் குரலும் இருக்காது. மூன்கேக் பேசுகிற ‘சூக்கிட்டி’யைப் படிக்கும்போது நாமே மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.